திட்டம் யாருக்கு? கணக்கை விரித்துக் காட்டு!

மும்பை நகரில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு. குடியிருக்க வீட்டுக்குப் பஞ்சம் உண்டு. லோக்கல் வண்டியில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்க இடத்துக்கும் பஞ்சம் உண்டு. ஆனால் திட்டங்களுக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. புல்லட் ரயில், மெட்ரோ, மோனோ ரயில், கடலோரச் சாலை, கடல் பாலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அடிக்கல் நாட்ட ஒரு விழா, திறந்து வைக்க ஒரு விழா. ஆயிரம் கோடி, பத்தாயிரம் கோடி, லட்சம் கோடி என்று கேட்டுக் கேட்டு நம் காது மரத்துப் போயிற்று. தொகை பெரிதானால் நன்மையும் பெரிதாகத்தான் இருக்கும் என்று நம்மை நம்ப வைத்துவிட்டார்கள்.

நமது சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சு எழும்போது இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒரு சாரார், "நாம் பிழைக்க வந்தவர்கள். நமக்கேன் இந்த வம்பு? வருகிற வளர்ச்சியை வரவேற்போம்" என்கிறார்கள். இன்னொரு சாரார், "எல்லாம் பணக்காரனுக்குத்தான். எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் எதிர்ப்போம்" என்கிறார்கள். முதலாவது பயந்த புத்தி. இரண்டாவது சோம்பல் புத்தி. கணக்கைப் பார்க்க மாட்டேன் என்பதில் இரண்டு பேரும் ஒரே கட்சி. மளிகைக் கடையில் 10 ரூபாய் கூடப் போட்டால் சண்டை பிடிக்கிற நாம், நம் பெயரில் வாங்கும் லட்சம் கோடிக் கடனுக்குச் சீட்டைக்கூடப் புரட்டிப் பார்க்கக் கூடாதா?

பார்ப்போம்.

15 நாள் இடைவெளி

2017 செப்டம்பர் 14 அன்று மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் பிரதமர் மோடியும் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் மேடையில் இருந்தார்கள். 508 கிலோமீட்டர் பாதை. அன்று சொன்ன மதிப்பீடு சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம் கோடி ரூபாய்.

சரியாக 15 நாள் கழித்து, செப்டம்பர் 29 காலையில், மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைபாலத்தில் நெரிசல் ஏற்பட்டு 23 பேர் மாண்டார்கள். ஆலைகள் மூடப்பட்டு, அந்த வட்டாரமெல்லாம் அலுவலகக் கட்டிடங்களாக மாறி, அங்கே வேலைக்கு வரும் கூட்டம் பல மடங்கு பெருகியிருந்தது. பாலம் மட்டும் பழைய அகலத்திலேயே கிடந்தது. சுமார் 12 கோடி ரூபாயில் புதிய பாலம் கட்ட விபத்துக்கு முன்பே ஒப்புதல் ஆகியிருந்தது. ஒப்புதல் காகிதத்தில் இருந்தது. பாலம் எழவில்லை.

பிறகு என்ன நடந்தது? ராணுவத்தை அழைத்தார்கள். 2018 பிப்ரவரி 27-இல் புதிய நடைபாலம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நகராத வேலை சில மாதங்களில் முடிந்தது. ஆக, இரும்பு இருந்தது, ஆள் இருந்தது, பணமும் இருந்தது. 23 பிணம் விழும் வரை அவசரம் மட்டும் இல்லை.

1 லட்சத்து 8 ஆயிரம் கோடியை 12 கோடியால் வகுத்துப் பாருங்கள். 9 ஆயிரம் நடைபாலம் வருகிறது. மும்பைக்கு 9 ஆயிரம் பாலம் தேவையில்லை. சில நூறு போதும். எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்தவர் யார் என்பதுதான் நமது கேள்வி.

"அது ஜப்பான் கொடுக்கும் கடன். செலவில் 81 சதவீதம் அவர்கள் தருகிறார்கள், வட்டி வெறும் 0.1 சதவீதம், திருப்பித் தர 50 ஆண்டு. இனாம் மாதிரி அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஐயா, வட்டி குறைவு என்பது உண்மை. ஆனால் கடன் ஜப்பான் நாணயத்தில் இருக்கிறது. 50 ஆண்டில் ரூபாயின் மதிப்பு எங்கே நிற்கும் என்று யார் உறுதி கொடுப்பது? மீதி 19 சதவீதம் நம் கையிலிருந்து போகிறது. அதுவே 20 ஆயிரம் கோடிக்கு மேல். இந்தக் கடனை எடுத்துப் பாலமோ பிளாட்பாரமோ கட்ட முடியாது. கடன் கொடுப்பவன் எதற்குக் கொடுக்கிறானோ அதுவே நமது தேவை என்று ஆகிவிட்டால், திட்டத்தைத் தீட்டுகிறவன் கடன்காரனா, நாமா?

மோனோ ரயில் சொன்ன பாடம்

தூரத்து உதாரணம் வேண்டாம் என்பவர்களுக்கு, நம் தலைக்கு மேலேயே ஒன்று நிற்கிறது. செம்பூரிலிருந்து வடாலா, அன்டாப் ஹில், ஜி.டி.பி. நகர் வழியாக நமது மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளின் மேலே ஓடிய மோனோ ரயிலைத்தான் சொல்கிறேன். 2014 பிப்ரவரியில் செம்பூர்–வடாலா பகுதி திறக்கப்பட்டது. 2019 மார்ச்சில் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டது. சுமார் 20 கிலோமீட்டர். செலவு 2,700 கோடி ரூபாய்க்கு மேல்.

பயன் என்ன? 2017 நவம்பரில் பெட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. சுமார் 10 மாதம் வண்டியே ஓடவில்லை. முழுப்பாதை திறந்து ஆண்டுகள் கடந்த பிறகும் நாள் ஒன்றுக்கு ஏறியவர்கள் 20 ஆயிரம் பேருக்கும் குறைவு. 2025 ஆகஸ்ட் 19 அன்று கொட்டும் மழையில் வண்டி நடுவழியில் நின்றுவிட, நூற்றுக்கணக்கானோரை ஏணி வைத்து இறக்க வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பர் 20 முதல் பழுது பார்ப்பதற்காக ஓட்டமே நிறுத்தப்பட்டது.

நெரிசல் நேரத்தில் 12 பெட்டி லோக்கல் ஒன்று 4 ஆயிரம், 5 ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போகிறது. அப்படியானால் மோனோ ரயில் ஒருநாள் முழுவதும் ஏற்றிய கூட்டம், காலை நேரத்து லோக்கல் நான்கு வண்டிக் கூட்டம். அதற்கு 2,700 கோடி!

ஏன் இப்படி ஆயிற்று? அன்டாப் ஹில்லில் குடியிருக்கும் கட்டிடத் தொழிலாளி எங்கே வேலைக்குப் போகிறார், எத்தனை மணிக்குப் போகிறார், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப் பாதை போடவில்லை. எங்கே தூண் நிறுத்த இடம் கிடைத்ததோ அங்கே போட்டார்கள். வெளிநாட்டில் ஓடுகிறது, இங்கும் ஓடட்டும் என்றார்கள். நஷ்டத்தை யார் கட்டினார்கள்? ஏறியவனும் கட்டினான், ஏறாதவனும் கட்டினான்.

கிலோமீட்டருக்கு 1,340 கோடி

இப்போது அதே வடாலா வழியாக இன்னொரு திட்டம் வருகிறது. ஆணிக் டெப்போவிலிருந்து வடாலா, சிவ்ரி, பைகுல்லா, நாக்பாடா, பெண்டி பஜார், சி.எஸ்.எம்.டி. வழியாக கேட்வே ஆஃப் இந்தியா வரை செல்லும் 11-ஆம் எண் மெட்ரோ. சுமார் 17.5 கிலோமீட்டர், பெரும்பகுதி சுரங்கம். 2025 செப்டம்பரில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது சொன்ன செலவு 23,487 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,340 கோடி.

இதில் நன்மையே இல்லை என்று சொன்னால் அது நேர்மையல்ல. நாக்பாடா, பெண்டி பஜார் போன்ற நெரிசலான பகுதிகளின் நடுவே இன்று ரயில் இல்லை. அங்குள்ள மக்களுக்கு இது உதவும். ஆனால் வடாலாவிலிருந்து சிவ்ரி வழியாக சி.எஸ்.எம்.டி. போக ஹார்பர் பாதை ஏற்கெனவே இருக்கிறது. இருப்பதைப் பலப்படுத்தினால் எவ்வளவு தீரும், தீராத மீதிக்கு எவ்வளவு தோண்ட வேண்டும் என்று யாராவது மக்களிடம் வந்து விளக்கினார்களா?

சாதாரணக் குமாஸ்தாக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இந்த 23,487 கோடிக்கு ஆண்டு வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குச் சுமார் 705 கோடி. நாளுக்கு ஏறத்தாழ 1 கோடியே 93 லட்சம். நாள்தோறும் 10 லட்சம் பேர் ஏறினால், ஒரு பயணத்துக்கு வட்டிச் சுமை 19 ரூபாய். 3 லட்சம் பேர்தான் ஏறுகிறார்கள் என்றால் 64 ரூபாய். மின்சாரம், சம்பளம், பராமரிப்பு எல்லாம் இதற்கு மேல். ஆகவே, எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற ஒரே எண்ணில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. அந்த எண்ணைக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஊகித்தால் என்ன ஆகும் என்பதை மோனோ ரயில் காட்டிவிட்டது.

இன்னொரு கணக்கு. ஒரு மின்சாரப் பேருந்து ஒன்றரைக் கோடி என்று வைத்துக்கொண்டால், 3 கிலோமீட்டர் சுரங்கத்தின் விலையில் சுமார் 2,680 பேருந்து வாங்கலாம். பெஸ்ட் நிறுவனம் ஒரு காலத்தில் 4 ஆயிரத்துக்கு மேல் பேருந்து ஓட்டியது. இன்று வாடகை வண்டிகளையும் சேர்த்து 3 ஆயிரம்கூட இல்லை. 2025 மே மாதத்தில் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயிலிருந்து 10 ரூபாய் ஆக்கினார்கள். பணமில்லை என்றார்கள். 3 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு இருக்கிற பணம், நகரம் முழுவதும் ஓடும் பேருந்துக்கு இல்லையாம்! பேருந்து சாலை நெரிசலில் நிற்கும், 10, 12 ஆண்டில் தேய்ந்துவிடும், சுரங்கம் தலைமுறைகள் நிற்கும் என்பது சரியான வாதம். அப்படியானால் பேருந்துக்குத் தனிப் பாதை ஒதுக்குங்கள். கார்களுக்கு ஆயிரக்கணக்கான கோடியில் கடலோரச் சாலை போடத் தெரிந்தவர்களுக்கு, பேருந்துக்கு ஒரு தடம் ஒதுக்க வண்ணம் வாங்கக் காசில்லையா?

620 கோடியில் நடந்த வேலை

தானே–திவா இடையே 5-ஆவது, 6-ஆவது ரயில் பாதைகள் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. செலவு சுமார் 620 கோடி. நீண்டதூர வண்டிகளையும் லோக்கல் வண்டிகளையும் பிரித்துவிட்டதால் கூடுதலாக 36 லோக்கல் சேவைகளுக்கு இடம் கிடைத்தது. 11-ஆம் எண் மெட்ரோவில் அரை கிலோமீட்டர் தோண்ட ஆகும் பணம்கூட இல்லை இது!

இவ்வளவு மலிவான, இவ்வளவு பயனுள்ள வேலை எப்போது தொடங்கியது தெரியுமா? 2008-இல். 2015-இல் முடிந்திருக்க வேண்டியது 2022-இல் முடிந்தது. இதற்கு யாரும் விளம்பரப் பலகை வைக்கவில்லை. இதற்காக எந்த வெளிநாட்டுப் பிரதமரும் வரவில்லை. தாமதமானபோது எந்தத் தலைவருக்கும் தூக்கம் கெடவில்லை.

அந்தத் தாமதத்தின் விலையைச் சொல்கிறேன். 2023-இல் மட்டும் மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் மாண்டவர்கள் 2,590 பேர். தண்டவாளம் கடந்தவர், வண்டியிலிருந்து விழுந்தவர் எல்லாரையும் சேர்த்து நாளுக்கு 7 பேர். 2025 ஜூன் 9 காலையில் திவாவுக்கும் மும்ப்ராவுக்கும் இடையே வளைவில் இரண்டு லோக்கல்கள் கடந்து சென்றபோது, படியில் தொங்கியவர்கள் ஒருவரோடொருவர் உரசிக் கீழே விழுந்தார்கள். 4 பேர் அன்றே மாண்டார்கள். புதிய பாதைகள் வந்த பிறகும் இந்த நிலை என்றால், தேவை எவ்வளவு பின்தங்கிக் கிடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நாளுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்களைச் சுமக்கிற ரயில் இது. இதைச் சீர்செய்தால் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பயன், வேறெந்தத் திட்டத்தில் கிடைக்கும்?

"நீயே ரயில்வே ஊழியன், ரயில்வேயைக் குறை சொல்கிறாயே" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நான் ரயில்வேயைக் குறை சொல்லவில்லை. 5 ரூபாய் டிக்கெட்டில் ஒருவனை வேலைக்குக் கொண்டு சேர்க்கிற ரயில்வேக்கு, நடைபாலத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் கணக்குப் பார்த்துப் பார்த்துப் பணம் கொடுப்பவர்களைச் சொல்கிறேன்.

ஏட்டில் ஏறாத செலவு

அப்படியானால் மெட்ரோவே வேண்டாமா? வேண்டும். 3-ஆம் எண் மெட்ரோ 2025 அக்டோபரில் ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டருக்கும் திறந்தாயிற்று. தாராவியிலும் ஒரு நிலையம் இருக்கிறது. கதவு மூடும், ஆள் விழுவதில்லை. பெண்கள் இடிபடாமல் போகலாம். கைக்குழந்தையோடு ஏறலாம். இந்த வசதி உழைப்பவனுக்குக் கூடாது என்று எவன் சொல்வான்?

ஆனால் முதலில் 23,136 கோடி என்று சொன்ன திட்டம் 37,276 கோடியில் வந்து நின்றது. வித்தியாசம் மட்டும் 14 ஆயிரம் கோடிக்கு மேல். முதல் மதிப்பீட்டைக் காட்டித்தான் நன்மை தீமை எடைபோட்டார்கள். எடைக்கல்லே பொய் என்றால் தராசால் என்ன பயன்? கட்டணம் முழுத் தூரத்துக்கு 70 ரூபாய். போக வர 140. மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் 3,500 ரூபாய். லோக்கலில் இரண்டாம் வகுப்பு மாத பாஸ் சில நூறு ரூபாய்தான். வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரி எதில் ஏறுவார்? தாராவி நிலையத்தின் படிக்கட்டு அவர் வீட்டு வாசலில் இருந்தாலும், விலைப் பட்டியல் அவரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அது எந்தத் திட்ட அறிக்கையிலும் முழுதாக ஏறுவதில்லை. குடிபெயர்க்கப்படுகிறவனின் செலவு. 2002-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் சுமார் 1 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள். தண்டவாள ஓரக் குடிசைகளை அகற்றியதால் ரயில்களின் வேகம் கூடியது. அது உண்மையான நன்மை. பலருக்குக் காரை வீடு கிடைத்ததும் உண்மை. ஆனால் மான்குர்து, வாஷி நாகா அடுக்குமாடிகளுக்குப் போனவர்களில் எத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்பப் போக முடியாமல் தவித்தார்கள்! கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் கொடுத்த புகார்கள் எந்த அளவுக்கு இருந்தன என்றால், 2006 மார்ச்சில் உலக வங்கியே சாலை, மறுகுடியமைப்புப் பகுதிகளுக்கான நிதியைச் சில மாதம் நிறுத்தி வைத்தது. கடன் கொடுத்தவனுக்கே பொறுக்கவில்லை!

இன்று தாராவியில் நிலையம் வந்ததும் நிலத்தின் விலை ஏறுகிறது. கூடவே மறுசீரமைப்புத் திட்டமும் வருகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன் வந்தவன் என்று காகிதம் காட்ட முடியாதவனுக்குத் தாராவிக்கு வெளியேதான் இடம் என்கிறார்கள். தோல் பதனிட்டவனும், விடியற்காலையில் இட்லி அவித்து நகரமெங்கும் விற்றவனும் வெளியே போன பிறகு, அந்த நிலையத்தில் இறங்கப் போகிறவர் யார்? நிலம் உயர்ந்த லாபம் ஒருவனுக்கு. கடன் வட்டி எல்லாருக்கும். வீடு இழந்த நஷ்டம் நமக்கு. இதுதான் இவர்கள் சொல்லும் பொது நன்மையா?

ஐந்து கேள்விகள்

ஆகவே, எந்தத் திட்டம் வந்தாலும், எந்தக் கட்சியின் ஆட்சி கொண்டுவந்தாலும், நாம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

1. எத்தனை பேர், எந்த நேரத்தில், எங்கிருந்து எங்கே போவார்கள்? இந்த எண்ணை யார், எப்படிக் கணக்கிட்டார்கள்?

2. கட்டணம் ஒரு கூலித் தொழிலாளியின் நாள் கூலியில் எத்தனை பங்கு?

3. இதே பணத்தை இருக்கும் ரயிலிலும் பேருந்திலும் போட்டால் எத்தனை பேருக்குப் பயன்? ஏன் அதை முதலில் செய்யவில்லை?

4. யார் வீடு இடிபடும்? வேலைக்குப் போகும் தூரத்துக்குள் மாற்று வீடு முதலில் தருவீர்களா?

5. செலவு கூடினால், கூட்டம் குறைந்தால், நஷ்டம் யாருக்கு? நிலையத்தைச் சுற்றி நில விலை ஏறினால், லாபம் யாருக்கு?

இந்த ஐந்துக்கும் பதிலைத் திட்ட அறிக்கையிலேயே எழுதி, மராத்தி, இந்தி, உருது, தமிழ் என்று மக்கள் பேசும் மொழிகளில் அச்சிட்டு வார்டு வார்டாகக் கொடுக்கட்டும். 11-ஆம் எண் மெட்ரோவிலிருந்தே தொடங்கட்டும்.

இன்னொன்றும் நம் முன்னால் நிற்கிறது. லோக்கலுக்குக் கதவு மூடும் குளிர்சாதன வண்டிகள் 238 வாங்கும் திட்டம். கதவு மூடினால் உயிர் பிழைக்கும், வரவேற்போம். ஆனால் இன்று ஓடும் குளிர்சாதன லோக்கலின் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. புதிய வண்டிகளுக்குக் கட்டணம் உயராது என்று முதலமைச்சர் பட்னாவிஸ் 2025-இல் சொல்லியிருக்கிறார். நல்லது. அதை எழுத்தில் கேட்போம். சாதாரண வண்டியை ஒவ்வொன்றாக நிறுத்தி, குளிர்சாதன வண்டியை அதிகக் கட்டணத்தில் விட்டால், அது இரண்டாம் வகுப்புப் பயணியைப் பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டுப் போகிற வண்டியாகத்தான் இருக்கும்.

தோழர்களே! இது தமிழனின் தனிக் கோரிக்கை அல்ல. எல்பின்ஸ்டன் பாலத்தில் நசுங்கியவர்களிடம் எந்த மாநிலம் என்று நெரிசல் கேட்கவில்லை. கல்யாணிலிருந்து தொங்கிக்கொண்டு வரும் மராட்டியத் தோழரும், திவாவில் ஏற முடியாமல் நிற்கும் உத்தரப் பிரதேசத் தோழரும், ஜி.டி.பி. நகரில் ஏறும் நமது சகோதரியும் ஒரே வண்டியின் பயணிகள். சங்கக் கிளைகள் தங்கள் பகுதிப் பயணிகளையும் குடியிருப்போரையும் மொழி பாராமல் கூட்டி, இந்த ஐந்து கேள்வியையும் மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தோண்டும் இயந்திரம் இறங்கிய பிறகு கேட்டால், "பாதி வேலை முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது" என்பார்கள். கேட்க வேண்டியது மண்ணில் முதல் கடப்பாரை விழுவதற்கு முன்னால்.

திட்டம் வரட்டும். கணக்கோடு வரட்டும்!